ஸ்டேஷனில் மெஷின், காட்டில் சத்தம்

மெஷின் போலீஸ் ஸ்டேஷனில்தான் இருந்தது. பெஞ்சுக் காலோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள். ஆள் உயரக் குழாய், ஒரு முனையில் பெட்ரோல் எஞ்சின், மறுமுனையில் பல் வைத்த வட்டப் பிளேடு, தோளில் மாட்ட ஒரு பெல்ட். புதர் வெட்டுவதற்காகப் பனிக்கொரை எஸ்டேட் துரை வெளிநாட்டிலிருந்து வரவழைத்த சாமான் அது. துரை அதற்கு இங்கிலீஷில் நீளமாக ஒரு பேர் சொன்னார். ஜனங்கள் புல்லு மெஷின் என்று முடித்துக்கொண்டார்கள். போன வாரத்திலிருந்து எமன் மெஷின் என்கிறார்கள்.

போன வாரம்தான் சூப்பர்வைசர் செல்லக்கண்ணு செத்துப்போனார். மேற்குச் சரிவில் உண்ணிச்செடிப் புதர்களுக்குக் கீழே இருக்கிற பாறைத் திட்டில், நெற்றிப்பொட்டில் காயத்தோடு கிடந்தார். அன்று மேலே மெஷின் ஓட்டியவர் தங்கையா. சிலோன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கே ஆகாதவராகி, தலைமன்னாரில் கப்பலேறி இங்கே வந்து சேர்ந்த ஆள். பிணத்தைச் சுற்றிக் கூட்டம் நின்றபோது, "கிட்ட வந்தாரு, நான் நூக்கிட்டேன்" என்று அவர் வாயாலேயே சொன்னதாகக் கேஸ். நூக்குவது என்றால் இந்தப் பக்கத்தில் தள்ளுவது. அதற்கு மேல் போலீசுக்கு என்ன வேண்டும்? இன்று மத்தியானம் ஜீப் வந்துவிடும். ஊட்டிக் கோர்ட்டுக்குப் போனால் தங்கையா திரும்புவது எந்தக் காலமோ, அவருடைய சம்சாரம் தெய்வம்மாவுக்கே தெரியாது. அவள்தான் கோயமுத்தூருக்கு பஸ் ஏறிப் போய், துப்பறியும் ஞானசுந்தரியின் ஆபீஸ் மாடிப்படியில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து இவர்களைக் கூட்டி வந்தவள்.

"பெல்ட்டை மாட்டிப் பாரு" என்றாள் ஞானசுந்தரி.

"நானுங்களா?" உதவியாளன் ஆறுக்குட்டி ஓரடி பின்வாங்கினான். "ஆள் தின்ன மெஷினுங்க மேடம். எங்கம்மாளுக்கு நான் ஒரே பையன்."

"பெட்ரோல் இல்லை. மாட்டு."

குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு மாட்டினான். எஞ்சின் இடுப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பிளேடு தரையைத் தொடாமல் ஒரு சாண் மேலே ஆடியது. ஆறுக்குட்டி தென்னை மரத்துக்குப் பக்கத்தில் நின்றால் மரம் கூச்சப்படுகிற உயரம். அவனுக்கே அது கச்சிதமாக இருந்தது.

"டெய்லர் அளவெடுத்துத் தெச்சாப்ல இருக்குதுங்க."

ஞானசுந்தரி ஹெட் கான்ஸ்டபிள் நல்லசாமியிடம் தங்கையாவை வெளியே விடச் சொன்னாள். லாக்கப்பிலிருந்து வந்தவர் ஆறுக்குட்டியின் மார்புக்கு இருந்தார். பேசிப் பேசி அடி வாங்கியதில் பேச்சே வேண்டாம் என்று விட்டுவிட்டார். பெல்ட்டை அவர் தோளில் போட்டதும் எஞ்சின் முழங்காலுக்கு இறங்கியது, பிளேடு சிமெண்டுத் தரையில் கிறீச்சென்று உரசியது. அவர் அதை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"கடைசியா இதை ஓட்டினது இவர் இல்லை" என்றாள் ஞானசுந்தரி.

"பெல்ட்டு எளகிக்கும்ங்க மேடம்" என்றார் நல்லசாமி. கெட்டவர் இல்லை. ஒரு தடவை முடிவு பண்ணிவிட்டால் மாற்றிக்கொள்ள வெட்கப்படுகிற ரகம்.

"சரி, பிளேடைப் பாருங்க. காலையிலிருந்து உண்ணிச்செடி வெட்டின பிளேடு. பெயிண்ட் கூடப் போகலை."

"கல்யாணச் சீர்ல வெச்ச எவர்சில்வர் தட்டுங்க" என்றான் ஆறுக்குட்டி. "யாரோ புதுசு மாத்தியிருக்காங்க. ஏனுங்க ஏட்டய்யா, இந்த எஸ்டேட்ல என் உசரத்துக்கு யாருங்க இருக்கறாங்க?"

"துரை. அவரு அன்னிக்குக் குன்னூர்ல இருந்தாருங்க. அப்புறம் ஃபேக்டரி ஃபிட்டர் ஆறுமுகசாமி..." நல்லசாமி சொல்லிக்கொண்டே வந்து நிறுத்தினார்.

மலையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

உர்ர்ர் என்று ஒரே இழுப்பு. ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். புல்லு மெஷின் ஓடுகிற சத்தம், சந்தேகமே இல்லை. மெஷின் என்னவோ இங்கே தங்கையாவின் தோளில் செத்த பாம்பாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஆறுக்குட்டிக்குக் கழுத்து மயிரெல்லாம் எழுந்து நின்றது. நல்லசாமி சட்டைப் பையிலிருந்து திருநீறு எடுத்துப் பூசிக்கொண்டார்.

"செல்லக்கண்ணு போன நாள்ல இருந்து இப்படித்தானுங்க. மஞ்சு எறங்குனா சத்தம் வந்துரும். வேலைய பாதியில உட்டுட்டுப் போனவன், முடிக்காம போகமாட்டேங்கறான்."

"ரொம்ப நல்ல சூப்பர்வைசர்" என்றாள் ஞானசுந்தரி. "வாங்க, பார்த்துட்டு வருவோம்."

மேற்குச் சரிவுக்குப் போகிற பாதை தொழிலாளர்களின் லயத்து வரிசை வீடுகள் வழியாகத்தான் ஏறுகிறது. இத்தலார் பக்கத்திலிருந்து பனிமூட்டமாக மஞ்சு திரண்டு வந்து, முன்னால் போகிற நல்லசாமியின் தொப்பியை விழுங்கியது, பிறகு முதுகை விழுங்கியது. முற்பகல் என்று பேர், ஒவ்வொரு வீட்டிலும் விளக்கு எரிந்தது. சத்தம் வந்துவிட்டதால் கதவெல்லாம் சாத்தியிருந்தது. ஒரு குழந்தை அழ ஆரம்பித்ததும் யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள். அப்படிப் பொத்தியதுதான் ஆறுக்குட்டியை அதிகமாகப் பயமுறுத்தியது.

தெய்வம்மா கதவைத் திறந்து வைத்திருந்தாள். பேய்க்குப் பயப்பட அவளுக்கு நேரமில்லை.

"ஜீப்பு வந்துட்டுதாம்மா?"

"இன்னும் இல்லை. ஒண்ணு சொல்லுங்க. அன்னிக்கு உங்க வீட்டுக்காரர் மேலேருந்து எப்ப இறங்கினார்?"

"தேத்தண்ணி குடிக்க வந்தாரும்மா. இந்தா, இந்த எடத்துலதான் குந்தியிருந்தாரு. குடிச்சிக்கிட்டு இருக்கையில மேல மெஷின் சத்தம் கேட்டிச்சு. யாரு ஓட்டுறதுன்னு அவரே என்னைக் கேட்டாரு. பொறகுதான் கீழ பொணத்தைக் கண்டது. இதை நான் கதைச்சா, அப்பவே பேய் வந்துட்டுதுன்னு சொல்லிப்போட்டாங்க. எங்க கதை யாருக்கு வெளங்குது?"

நல்லசாமி தொண்டையைச் செருமினார். அவரிடமும் அவள் அதைச் சொல்லியிருக்கிறாள். ஒரு பேயைக் கணக்கில் சேர்த்ததும் கேஸ் சுலபமாகிவிட்டது, அவ்வளவுதான்.

"நானும் வாரேன்" என்றாள் தெய்வம்மா. "நில்லுங்க, லாம்ப நூத்திட்டு வாரேன்."

"பாத்துங்கக்கா!" ஆறுக்குட்டி பதறினான். "வெளக்கை நூக்கினா ஊடே பத்திக்கும்."

அவள் அவனை விநோதமாகப் பார்த்துவிட்டு, குனிந்து விளக்கை ஊதி அணைத்தாள். வீடு இருண்டது. இருட்டில் ஒரு கை ஆறுக்குட்டியின் முழங்கையை இறுகப் பிடித்தது. அவன் உயிர் ஒரு தரம் போய்விட்டு வந்தது. பிடித்தது ஞானசுந்தரி.

"தெய்வம்மா, இப்ப என்ன பண்ணினீங்க?"

"நூத்தினேன்மா."

"இன்னொரு தரம் சொல்லுங்க."

"நூத்தினேன். லாம்ப நூத்தினேன். லைட்டு, அடுப்பு, மெஷினு, எதுன்னாலும் அப்பிடித்தானே சொல்லுறது? ஏம்மா, இங்க அப்பிடிச் சொல்லுறதில்லையா?"

சிலோன்காரர்கள் விளக்கை நூத்துவார்கள், அதாவது அணைப்பார்கள். இங்கே உள்ளவர்கள் வண்டியை நூக்குவார்கள், அதாவது தள்ளுவார்கள். நடுவில் இருப்பது ஒரே ஒரு எழுத்து. அந்த எழுத்தில்தான் தங்கையாவின் கழுத்து மாட்டிக்கொண்டிருந்தது.

"கிட்ட ஆள் வந்தாரு, நான் மெஷினை நிறுத்திட்டேன்" என்றாள் ஞானசுந்தரி மெதுவாக. "அவர் சொன்னது அவ்வளவுதான், ஏட்டய்யா."

"அம்பது அடிக்குள்ள ஆள் வந்தா மெஷின நூத்திப்போடணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னதே ஃபிட்டரய்யாதானே" என்றாள் தெய்வம்மா. "கல்லு தெறிக்கும், கண்ணு போயிடும்னு. இவரும் அதைத்தான் செஞ்சாரு. நூத்தி, மெஷின அங்கயே வச்சிட்டுத்தான் தேத்தண்ணிக்கு எறங்கினாரு."

நல்லசாமியின் முகம் வெளுத்திருந்தது. "எனக்கு நூக்கிட்டேன்னுதானுங்க உழுந்துச்சு. சந்தேகம் வந்துதான் பக்கத்துல நின்ன ஆறுமுகசாமியைக் கேட்டேன். இவுங்களுக்கு மெஷின் பழக்கினவரு, இவுங்ககூடவே திரியறவரு. 'தள்ளிட்டேங்கறான்'னு அவருதான் எடுத்துச் சொன்னாரு."

"அவருக்கும் தப்பாக் கேட்டிருக்கலாம்."

"சரியாவும் கேட்டிருக்கலாம்ங்க மேடம்" என்றான் ஆறுக்குட்டி. "ஆனா காதைக் கழட்டி உள்ள பாக்க முடியுமுங்களா?"

மேலே போகப் போகச் சத்தம் நின்றுவிட்டது. சத்தம் இருந்தபோது பயமாக இருந்தது, நின்றதும் அதைவிட மோசமாக இருந்தது. மஞ்சுக்குள் சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாக முன்னால் வந்து, யாரென்று பார்த்துவிட்டுப் போவது போல மறைந்தன. செல்லக்கண்ணு கிடந்த பாறைத் திட்டுக்கு மேலே புல் புதிதாக வெட்டுப்பட்டிருந்தது. பச்சை வாசனை மூக்கில் ஏறியது.

ஞானசுந்தரி குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். ஒரு புல்லைக் கிள்ளி ஆறுக்குட்டியிடம் நீட்டினாள்.

"நுனி பிஞ்சு கெடக்குதுங்க. வெட்டின மாதிரி இல்ல, அடிச்ச மாதிரி இருக்குது."

"உண்ணிச்செடித் தண்டைப் பாரு. ஒண்ணு கூட வெட்டுப்படலை, பட்டைதான் உரிஞ்சிருக்கு." அவள் மண்ணிலிருந்து விரல் நீளத்துக்கு ஆரஞ்சு நிறத்தில் எதையோ பொறுக்கினாள். "பிளேடு இல்லை. நைலான் நரம்பு. பிளேடைக் கழற்றிட்டு நரம்பு போட்ட தலையை மாட்டினா இளம்புல்லு மட்டும்தான் போகும். கல்லுப் பக்கத்துல ஓட்ட அதுதான் தோது."

"பேய் நைலான் நரம்பு வாங்க எந்தக் கடைக்குங்க போச்சு?" ஆறுக்குட்டிக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருந்தது.

"மெஷின் ரெண்டு வந்துச்சுங்க" என்றார் நல்லசாமி திடீரென்று. "இன்னொண்ணு ரிப்பேருன்னு ஃபேக்டரியில கெடக்குது. ஃபிட்டர்தான்..." அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

"புதரை வெட்ட வந்தவன் பிளேடு போடுவான். இவன் பாறையைச் சுத்திப் புல்லை மழிக்கிறான். எதையோ தேடறான்." ஞானசுந்தரி எழுந்து, பாதியில் நின்றுபோன பழைய வெட்டின் முனைக்குப் போனாள். மெஷின் பிடித்தவளைப் போல் நின்று, இடுப்பை வலமிருந்து இடமாகத் திருப்பினாள். "நேத்து நான் தனியா ஃபேக்டரிக்குப் போனப்ப ஃபிட்டரே எனக்கு வகுப்பு எடுத்தாரு. வலப்பக்கமிருந்து இடப்பக்கம் வீசணும். வெட்டினது இடப்பக்கம் விழும், தெறிக்கிறதும் அந்தப் பக்கம்தான் அதிகம். பிளேடு மூடி இல்லாம ஓட்டக் கூடாது. விரிசல் விட்ட பிளேடைத் தொடவே கூடாது. எல்லாம் சரியாத்தான் சொன்னாரு, பாவம்."

இடது கையை நீட்டி, அது காட்டிய திசையில் நடந்தாள். பாறைத் திட்டைத் தாண்டியதும் ஒரு சில்வர் ஓக். தரையைப் பார்க்காமல் அண்ணாந்து பார்த்தாள். அவள் தலைக்கு ஒரு முழம் மேலே, மரப்பட்டையில், பிளேடின் உடைந்த பல் ஒன்று பாதி புதைந்து நின்றது. வழியில் ஒரு மனிதனை உரசிவிட்டு வந்த இரும்பு.

"ஒரு வாரமாக் கீழே தேடறான்" என்றாள். "அது மேலே நிக்குது."

ஆறுக்குட்டிக்குச் சிரிப்பு வரவில்லை. செல்லக்கண்ணு கடைசியாக நின்ற இடத்தில்தான் தன் செருப்பு இருக்கிறது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மெல்ல நகர்ந்துகொண்டான்.

அந்த நேரம் பார்த்துச் சத்தம் மறுபடி கிளம்பியது. இந்தத் தரம் பக்கத்தில்.

நால்வரும் மரத்தின் பின்னால் ஒதுங்கினார்கள். மஞ்சுக்குள் ஓர் உருவம் வந்தது. முழங்காலுக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை, முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புத் துணி, கண்ணாடி. வலமும் இடமுமாக ஆடி ஆடி, மிதப்பது போல் வந்தது. நல்லசாமி வாய்க்குள் முருகனைக் கூப்பிட்டார். ஆறுக்குட்டிக்கு என்ன தோன்றியதோ, பயந்தவனுக்கு வருகிற முரட்டுத் தைரியத்தில், பின்பக்கமாகப் போய் அமுக்கிவிடுகிறேன் என்று எழுந்தான். ஞானசுந்தரி அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"பைத்தியமா? ஓடற மெஷினுக்குப் பின்னாடி போனா, அவன் திரும்பற திருப்புல உன் கால் இருக்காது. அம்பது அடி தள்ளியே இரு." அவள் தெய்வம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். தெய்வம்மா தலையை ஆட்டினாள்.

அவர்கள் காத்திருந்தார்கள். உருவம் பாறை ஓரத்தில் நின்றது. எஞ்சின் சத்தம் தாழ்ந்து, டுக் டுக் என்று முனகலாகியது. அது குனிந்து ஒரு கையால் புல்லை விலக்கித் துழாவியது.

தெய்வம்மா எழுந்து நின்றாள். லயத்திலிருந்து மலைக்குக் கூப்பிடுகிற குரலில், தெளிவாகக் கூப்பிட்டாள்.

"ஐயா! ஆள் நிக்குது! மெஷின நூத்துங்க!"

உருவத்தின் கட்டைவிரல் பொத்தானுக்குப் போனது. எஞ்சின் செத்தது. சரிவு முழுக்க அமைதி.

"நூத்திட்டேன், வா" என்றது உருவம். "யாரது?"

அந்த நொடியில், தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே கேட்டுவிட்டது. துணியும் கண்ணாடியும் இருந்தும், அந்த முகம் இடிந்து விழுந்ததை ஆறுக்குட்டி பார்த்தான்.

நல்லசாமிதான் முதலில் வெளியே வந்தார். "ஃபிட்டர்" என்றார். "அந்த வார்த்தை உனக்குத் தெரியுமா?"

ஆறுமுகசாமி துணியை இறக்கினார். ஷேவ் செய்யாத, தூங்காத முகம். மெஷினைத் தோளிலிருந்து கழற்றக்கூடத் தோன்றாமல் நின்றார். ஞானசுந்தரி மரத்தில் இருந்த இரும்பைக் காட்டினாள். அவர் அதைப் பார்த்தார், அண்ணாந்தபடியே இருந்தார்.

"துரை வர்றதுக்குள்ள அந்த வரிசைய முடிச்சுடலாம்னு எடுத்தேனுங்க. பிளேடுல விரிசல் இருந்துச்சு, தெரியும். மூடியையும் கழட்டிட்டேன், வேகமாப் போகும்னு. மஞ்சு. செல்லக்கண்ணு வந்ததைப் பாக்கலைங்க. கல்லுல பட்டு டங்குனு ஒரு சத்தம், அவ்வளவுதான். சத்தியமா வேணும்னு பண்ணலைங்க."

"அது விபத்து" என்றாள் ஞானசுந்தரி. "அதுக்கப்புறம் ஏட்டய்யாகிட்ட நீங்க சொன்ன ஒரு வார்த்தை விபத்து இல்லை."

ஆறுமுகசாமி உதட்டைக் கடித்துக்கொண்டார். "அவன் கூப்பிடறானுங்க. செல்லக்கண்ணு. 'ஆறுமுகம்'னு. மெஷின் ஓடற வரைக்கும் கேக்கறதில்ல. நிறுத்துனா கூப்பிடறான். இப்பக்கூட..." அவர் மஞ்சுக்குள் பார்த்தார். ஆறுக்குட்டியும் தன்னை அறியாமல் பார்த்தான். அங்கே ஒன்றும் இல்லை. இல்லை என்று அவன் ஊருக்குப் போன பிறகும் பல நாள் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

கீழே ரோட்டில் ஜீப்பின் ஹாரன் கேட்டது. நல்லசாமி தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். அந்தத் தொந்தியை வைத்துக்கொண்டு ஒருவர் அவ்வளவு வேகமாக மலை இறங்குவதை ஆறுக்குட்டி அதற்கு முன் பார்த்ததில்லை. "நிறுத்துங்க! ஆளை ஏத்தாதீங்க!" என்ற குரல் மஞ்சுக்குள் தேய்ந்து போனது.

தெய்வம்மாவும் அவர் பின்னால் ஓடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் ஓடவில்லை. ஆறுமுகசாமியின் முன்னால் போய் நின்றாள். அறைவாள் என்று ஆறுக்குட்டி எதிர்பார்த்தான், அறைந்திருந்தாலும் நியாயம்தான். அவள் கை அசையவில்லை. கண் மட்டும் நிரம்பியிருந்தது.

"நாங்க கதைச்சா இந்த ஊர்ல எல்லாரும் சிரிப்பாங்க ஐயா. நீங்க ஒராள்தான் எங்க சொல்லைக் கேட்டுக் கேட்டுப் படிச்சீங்க. தேத்தண்ணிம்பீங்க, நூத்தும்பீங்க. நீங்க அப்பிடிக் கதைக்கிறப்ப லயமே சந்தோசப்படும். இவரு நம்ம ஆளுன்னு என் வீட்டுக்காரரு எல்லார்கிட்டயும் சொல்லுவாரு" என்றாள். "பொணத்துக்குப் பக்கத்துல நின்னு அவரு உங்க மொகத்தைப் பாத்துத்தான் ஐயா அதைச் சொன்னாரு. உங்களுக்கு வெளங்கும்னு."